பதினோரு நிமிடம்

காலை பத்து மணியிலிருந்து ஓரெஸ்ட் அந்த அலுவலகத் தாழ்வார நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தொப்பி மடியில் கிடந்தது. எதிர்ச் சுவர் முழுக்க, இந்தப் பனி ஹாக்கி அணியில் ஆடிப் பின்னால் பெரிய ஆளானவர்களின் படங்கள். மேலாளர் கென்ட் கூட்டத்தில் இருப்பதாக வரவேற்பு மேசைப் பெண் இரண்டு தடவை சொல்லிவிட்டாள். காப்பி வேண்டுமா என்றும் கேட்டாள். மூன்று மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவனுக்குக் காப்பி வேண்டித்தான் இருந்தது. ஆனால் உதவி கேட்டு வந்த இடத்தில் வேறெதையும் வாங்கிக்கொள்ளக் கூடாதென்று அவனுக்கு ஒரு எண்ணம். வேண்டாம் என்றுவிட்டான்.

வெளியே வண்டியில் அவன் மகன் ஸ்டெஃபன் இருந்தான். பதினேழு வயது. கோல் காப்பவன், அவர்கள் பேச்சில் கோலி. உள்ளே வர மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டான்.

ஊரில் ஓரெஸ்டுக்குக் காலையும் மாலையும் பள்ளிப் பேருந்து ஓட்டுகிற வேலை. நடுப்பகலில் ஊர் அரங்கின் பனித்தளத்தைச் சீவித் தண்ணீர் விட்டு உறைய வைப்பான். மனைவி மார்லா முதியோர் இல்லத்தில் துணி வெளுக்கிறாள். இரண்டு பேர் குடும்பத்திலும் கல்லூரி வாசலை மிதித்தவர் கிடையாது. மகனுக்கோ மாட்டு டாக்டராக வேண்டும். பன்னிரண்டு வயதில் பக்கத்துப் பண்ணையில் கன்று பிறப்பதைப் பார்த்துவிட்டு வந்து சொன்னவன், இன்றுவரை பேச்சை மாற்றவில்லை.

போன வசந்தத்தில் அவன் முன்னால் இரண்டு வழி இருந்தது. ஒன்று, இந்த நகரத்து அணி ஆடுகிற பெரிய ஜூனியர் லீக். கூட்டம், டிவி எல்லாம் உண்டு. ஆனால் அங்கே பையன்களுக்குக் கைச்செலவுக்கு ஏதோ கொடுப்பதால், அமெரிக்கக் கல்லூரிகள் அவர்களைச் சம்பளத்துக்கு ஆடுகிறவர்கள் கணக்கில் சேர்த்துவிடும். அந்தச் சட்டையில் ஒரு ஆட்டம் ஆடினாலும் கல்லூரி அணியில் இடமில்லை. இன்னொன்று, பக்கத்து ஊர் அணி ஆடுகிற சின்ன லீக். அங்கே இரண்டு வருடம் ஆடினால் கல்லூரிக்காரர்கள் தேடி வருவார்கள். ஒரு கல்லூரி ஏற்கெனவே வந்து பார்த்து, படிப்புச் செலவு முழுக்க எங்களுடையது என்று வாயால் சொல்லியும் விட்டது.

ஓரெஸ்டுக்குப் பெரிய லீக்கின் மேல் ஒரு கண். ஆயிரக்கணக்கான பேர் முன்னால் மகன் நிற்பதைப் பார்க்க வேண்டும்.

"முட்டி போச்சுன்னா அந்த ஆயிரம் பேருமா வந்து பாத்துக்குவாங்க?" என்றாள் மார்லா. மகனும் அம்மா பக்கம். அதோடு தீர்மானம் ஆயிற்று, சின்ன லீக்.

ஆகஸ்டில் பெரிய அணி பயிற்சி முகாமுக்கு அழைத்தது. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திரும்பிவிட்டால் விதிப்படி பாதகமில்லை. நல்ல பயிற்சியாளர்கள், கற்றுக்கொண்டு வரட்டும் என்று மார்லாவும் சம்மதித்தாள். வாசலில் நின்று கணவனிடம் தனியாகச் சொன்னாள். "ரெண்டு நாள்தான். மேட்ச் கிடையாது."

இரண்டாம் நாள் மாலை பைகளை வண்டியில் ஏற்றும்போது கென்ட் மூச்சு வாங்க வந்தார். அன்றைக்கு ஒரு வெள்ளோட்ட ஆட்டம் இருந்தது. மாற்று கோலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டானாம்.

"சும்மா பெஞ்சுல உக்காந்தா போதும் ஓரெஸ்ட். இறக்க மாட்டோம்."

அந்தச் சமவெளி ஊர்களில், கோலி இல்லாமல் ஒரு அணி நிற்கிறதென்றால் எதிராளி வீட்டுப் பையன்கூட மட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவான். ஓரெஸ்டே ஒருமுறை கல்யாண விருந்தில் பாதியில் எழுந்து போயிருக்கிறான். அப்படிக் கேட்டவர்களிடம் மாட்டேன் என்று சொல்லி அவனுக்குப் பழக்கமில்லை. மனதுக்குள் ஆசையும் இருந்தது, பொய் சொல்வானேன். ஸ்டெஃபன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"போ, ஒரு கை குடுத்துட்டு வா" என்றான் ஓரெஸ்ட்.

கடைசிப் பகுதியில் முதல் கோலியின் முட்டி பிசகியது. பயிற்சியாளர் திரும்பி ஸ்டெஃபனை நோக்கி விரலைக் காட்டினார். மீதி இருந்தது பதினோரு நிமிடம். கோலை நோக்கி ஒன்பது அடி வந்தது, ஒன்பதையும் தடுத்தான் பையன். ஓரெஸ்ட் எழுந்து நின்று தொண்டை கட்டும்வரை கத்தினான். அவ்வளவு சந்தோஷமாக அவன் அதற்கு முன் இருந்ததில்லை. ஆட்டம் முடிந்ததும் கென்ட் கை குலுக்கி அனுப்பி வைத்தார்.

செப்டம்பரில் சின்ன லீக் பயிற்சியாளர் வால்ட் தொலைபேசியில் அழைத்தார். அன்று யார் யார் ஆடினார்கள் என்று எழுதிய ஆட்டத்தாள் கல்லூரியின் கண்ணில் பட்டுவிட்டது. வெள்ளோட்டமானாலும் ஆட்டம் ஆட்டம்தானாம். இனி அங்கே இடமில்லை. மார்லா கேட்டுவிட்டுத் தொலைபேசியை வைத்தாள். திட்டுவாள் என்று ஓரெஸ்ட் காத்திருந்தான். அவள் உருளைக்கிழங்கு அடைத்த பைரோகிக் கொழுக்கட்டையை அவன் தட்டில் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

"நான்தானப்பா எறங்கி ஆடுனேன். நீ ஒண்ணும் புடிச்சுத் தள்ளல" என்றான் மகன். அப்போதுதான் ஓரெஸ்டுக்கு அழுகை வந்தது.

இக்கட்டில் நாங்கள்தான் கூப்பிட்டோம், இறக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்தோம் என அந்த அணி ஒரு கடிதம் தந்தால், கல்லூரியிடம் மன்றாடிப் பார்க்கலாம் என்று வால்ட் சொல்லியிருந்தார். அந்தக் கடிதத்துக்குத்தான் இன்று பேருந்துக்கு மாற்று ஆள் வைத்துவிட்டு வந்திருக்கிறான்.

பன்னிரண்டரைக்குக் கென்ட் வந்தார். அன்பாகத் தோளில் கை போட்டார். அந்தப் பதினோரு நிமிடம் நன்றாக நினைவிருக்கிறது என்றார். கடிதம் என்றதும் குரல் தணிந்தது.

"எனக்கு எழுதிக் குடுக்க மனசுதான். வக்கீல் விட மாட்டாரு. நாங்க கட்டாயப்படுத்தல பாருங்க. நீங்கதானே சரின்னீங்க?"

ஓரெஸ்ட் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ஆமாங்க. நான்தான் சொன்னேன்."

வெறுங்கையோடு அனுப்ப மாட்டேன் என்று கென்ட் மேசைப் பெண்ணிடம் ஏதோ சொன்னார். அவள் ஒரு உறை தந்தாள். மனசு கேட்காமல் எழுதித்தான் தந்துவிட்டாரோ என்று, வண்டிவரை நடந்த தூரம் ஓரெஸ்டுக்கு நம்பிக்கை இருந்தது. தானே பிரிக்கத் தைரியமில்லாமல் மகனிடம் நீட்டினான்.

உள்ளே சனிக்கிழமை ஆட்டத்துக்கு இரண்டு டிக்கெட். கோல் வலைக்குப் பின்னால் மூன்றாவது வரிசை.

ஸ்டெஃபன் அதை இரண்டு பக்கமும் பார்த்தான். "நல்ல எடம்ப்பா. கோலியோட முதுகு நல்லாத் தெரியும்."

முதுகில் கொட்டை எழுத்தில் ஆட்டக்காரனின் பேர் இருக்கும். அன்று அவசரத்தில் ஸ்டெஃபனுக்கு மாட்டிவிட்ட சட்டையில் பேர் எழுதியிருக்கவில்லை. ஆட்டத்தாளில் மட்டும் ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியிருந்தார்கள்.