பாலீஷ் போட்ட ஆந்தை

பல்செட்காரர் இணையத்தில் அந்தக் கிரேக்கக் காசை வாங்கியதற்குக் காரணம் காசு ஆசையும் இல்லை, கிரேக்க ஆசையும் இல்லை. மச்சான் ஆசை.

மனைவி போனபிறகு அவருக்கு மிஞ்சிய சொந்தம் அவளுடைய அண்ணன் ஒருவர்தான். பிள்ளைகுட்டி கிடையாது. மச்சான் ரயிலேறினால் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருந்தார். ஆனால் காரியம் முடிந்த கையோடு போனவர், அப்புறம் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. போன் போட்டால், "நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?" என்பார். "இருக்கேன் மச்சான்." "சாப்பிட்டாச்சா?" "ஆச்சு." அதோடு சரக்குத் தீர்ந்துவிடும். இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேச்சை ஓட்டியவள் அவள்தான் என்பது அவள் இல்லாதபோதுதான் தெரிந்தது.

மச்சான் ஓய்வுபெற்ற பூகோள வாத்தியார். பழங்காசுப் பைத்தியம். நாலு பேர் கூடிய இடத்தில் அவர் சட்டைப்பைக்குள் கையை விட்டாலே சொந்தக்காரர்களுக்கு எங்கிருந்தோ அவசர வேலை வந்துவிடும். "அண்ணன் ஆரம்பிச்சாச்சு, ஓடிடுங்க" என்று அவளே கண்ணைக் காட்டுவாள். ஓடியவர்களில் முதல் ஆள் பல்செட்காரர்தான். இப்போது அதே அறுவையைக் கேட்பதற்காகக் கைக்காசைச் செலவழித்துப் பொறி வைத்திருக்கிறார். மனிதனுக்குத் தனிமை வந்தால் என்னென்னவோ செய்யத் தோன்றும்.

பார்சல் அவருடைய வேலையறைக்கு வந்தது. பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளைப் பார்த்துப் பல்செட்டும், பல்லின்மேல் மாட்டுகிற உலோகக் கேப்பும் செய்துகொடுக்கிற அறை அது. ஊரில் பாதிப் பேர் அவர் செய்த பல்லால்தான் மென்றார்கள், சிரித்தார்கள். அவரிடம் வந்து யாரும் சிரித்ததில்லை. அவர்களுடைய வாயைத் தெரியுமே தவிர முகத்தைத் தெரியாது.

காசில் ஒரு பக்கம் தலைக்கவசம் போட்ட தேவதை, மறுபக்கம் முழித்துக்கொண்டிருக்கும் ஆந்தை. கறுத்துப்போன வெள்ளி. கேப்பைச் சோதிக்கிற பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்தார். ஆந்தையின் இறக்கைக்குக் கீழே ஊசியால் குத்தினாற்போலச் சின்னச் சின்ன வட்டக் குழிகள்.

பார்த்த மாத்திரத்தில் விளங்கிவிட்டது. உருக்கிய உலோகத்தை அச்சில் ஊற்றும்போது காற்றுக் குமிழி சிக்கினால்தான் இப்படிக் குழி விழும். அவர் செய்யும் கேப்பிலும் விழும், அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறு செய்வார். அந்தக் காலத்துக் கிரேக்கர்கள் காசை ஊற்றவில்லை. வெள்ளி வில்லையை வைத்துச் சுத்தியலால் ஓங்கி அடித்து முத்திரை பதித்தார்கள். அடித்த காசில் குமிழிக்கு ஏது வேலை? காசு போலி.

வேறு யாராவது என்றால் விற்றவனை நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர் மச்சானுக்குப் போன் போட்டார். "மச்சான், ஒரு கிரேக்கக் காசு வாங்கியிருக்கேன். அசலா போலியான்னு எனக்கு ஒண்ணும் புரியலை."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. "என்ன காசு? ஆந்தையா? இருங்க இருங்க, கண்ணாடியைப் போட்டுக்கறேன்."

அன்றிலிருந்து பொழுது சாயும் நேரத்தில் போன் வர ஆரம்பித்தது. பல்செட்காரர் விஷயத்தைச் சொட்டுச்சொட்டாக விட்டார். ஒருநாள் எடை. எடை சரியாகத்தான் வந்தது, போலி செய்தவன் அந்த மட்டுக்கு யோக்கியன். இன்னொரு நாள் ஓரம். "சுத்தி ஒரு கோடு ஓடுதா பாருங்க, ஓடினா போலி." "ஓடற மாதிரியும் இருக்கு மச்சான், ஓடாத மாதிரியும் இருக்கு." போட்டோ கேட்டபோது வேண்டுமென்றே கையை ஆட்டி எடுத்து அனுப்பினார். "என்ன மாப்பிள்ளை, ஓடற பஸ்ஸிலேர்ந்து எடுத்தீங்களா?" என்று மச்சான் கத்தினார். திட்டு வாங்கி எத்தனை நாளாயிற்று என்று இவருக்கு மனம் குளிர்ந்துபோனது. போனை வைத்துவிட்டுச் சமைக்கும்போது பாட்டுக்கூட வந்தது.

கடைசியில் மச்சான் பொறுமை இழந்தார். "இதெல்லாம் கதைக்கு ஆகாது. ஞாயித்துக்கிழமை நேர்லயே வந்து பார்த்துடறேன்."

பல்செட்காரர் மாடி வீட்டைப் பெருக்கினார், திரைச்சீலையைத் துவைத்தார். எல்லாம் முடிந்து உட்கார்ந்தபோதுதான் அடுத்து நடக்கப்போவது புரிந்தது. மச்சான் வருவார், ஆந்தையைத் திருப்புவார், குழியைப் பார்ப்பார். ஒரு நிமிஷம். "போலி மாப்பிள்ளை" என்று சொல்லிவிட்டு அடுத்த ரயிலைப் பிடிப்பார். அதற்கப்புறம் மறுபடியும் "சாப்பிட்டாச்சா", "ஆச்சு" தான். அதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

குழிகள் இல்லாவிட்டால் சந்தேகம் தீராது. சந்தேகம் தீராவிட்டால் மச்சான் இன்னொரு தடவை வருவார். காசை எடுத்துக்கொண்டு வேலையறைக்குப் போய் பாலீஷ் மெஷினைப் போட்டார்.

இறக்கைக்கு அடியில் மட்டும் லேசாகத் தேய்ப்பதாகத்தான் உத்தேசம். குழி போயிற்று, ஆனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று காட்டிக்கொடுத்தது. சரி, பக்கத்தில் கொஞ்சம். அப்புறம் இறக்கை. இறக்கை மின்னும்போது தலை மட்டும் கறுப்பாக இருந்தால் எப்படி? மங்கலான ஒரு பொருளையும் வாசல் தாண்ட விடாத கை அது, நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை. மெஷினை அணைத்தபோது ஆந்தை புதுக் கரண்டி மாதிரி மினுமினுத்தது. தேவதையும் தப்பவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். கதவைத் திறந்தவரின் தோளுக்கு மேலாக உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு, செருப்பை மெதுவாகக் கழற்றினார். காபியைத் தொடவில்லை. "காசு எங்க?"

உள்ளங்கையில் வாங்கியவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"யாரு மாப்பிள்ளை இதைத் தேய்ச்சது?"

"நான்தான். அழுக்கா இருந்துச்சேன்னு..."

"அழுக்கா? காலங்காலமா மேல படிஞ்ச கறுப்பு மாப்பிள்ளை அது! அதை வெச்சுத்தானே வயசே பார்க்கிறது! இனிமே சாமியே வந்தாலும் இது எதுன்னு சொல்ல முடியாதே!" கத்திக்கொண்டே போனவர் திடீரென்று ஓய்ந்து சோபாவில் சரிந்தார். "உங்களைச் சொல்லி என்ன? தேய்க்காதீங்கன்னு முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். வாத்தியார்னு பேரு. என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அசலா இருந்திருந்தா? எத்தனை பேர் கை மாறி வந்ததோ, நம்ம கையில வந்தா அழியணும்?"

கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். துடைத்ததையே துடைத்துக்கொண்டிருந்தார்.

பல்செட்காரருக்கு அதற்குமேல் தாங்கவில்லை. அவர் வாயைப் பொத்திக்கொண்டால் சந்தேகமும் இருக்கும், மச்சானும் வருவார். ஆனால் செய்யாத பாவத்தைச் சுமந்துகொண்டு வருவார்.

"மச்சான், அது போலி. குமிழி இருந்துச்சு, முதல் நாளே பார்த்துட்டேன். அதை மறைக்கத்தான் தேய்ச்சேன்."

மச்சான் நிமிர்ந்தார். "தெரிஞ்சுக்கிட்டேவா இத்தனை நாள் என்னைப் பாடாப் படுத்தினீங்க?"

"சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?"

கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாமோ என்று தோன்றியது. மச்சான் நல்லதாக ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தெரியாத மனிதர்.

"வந்திருக்க மாட்டேன்," என்றார். "மணி அடிச்சா ஓடிவந்து அவதான் இந்தக் கதவைத் திறப்பா. இப்ப நீங்க திறக்கிறீங்க. உங்க மேல ஒரு தப்பும் இல்லை மாப்பிள்ளை. ஆனா உங்களைப் பார்த்தா எனக்குக் கோபம் கோபமா வருது. என்ன செய்யறது?"

பல்செட்காரர் தலையை ஆட்டினார். அந்தக் கோபம் அவருக்கும் தெரியும், தினம் கண்ணாடி முன்னால் நின்று முகம் சவரம் செய்யும்போது வருவதுதான்.

ஆறிப்போன காபியை மச்சான் ஒரே மூச்சில் குடித்தார். காசை மேஜைமேல் வைத்தார். "கிளம்பறேன்" என்றார்.

திரும்பி வர நினைக்கிற யாரும் வெறுமனே அப்படிச் சொல்வதில்லை, "போயிட்டு வரேன்" என்பார்கள். மச்சான் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கத் தொடங்கிவிட்டார். போலிக் காசு வாங்கி, கையை ஆட்டிப் போட்டோ எடுத்து, பாலீஷ் போட்டுச் சுற்றிவளைத்ததையெல்லாம் விட்டுவிட்டுப் பல்செட்காரர் வாசலில் நின்று வாய்விட்டுக் கேட்டார்.

"வரேன்னு சொல்லிட்டுப் போங்க மச்சான்."

மச்சான் படி திரும்பும் இடத்தில் நின்றார்.

"வரேன்," என்றார். "எப்பன்னு மட்டும் கேக்காதீங்க."

பல்செட்காரர் கேட்கவில்லை. கீழே வெளிக்கதவு சாத்துகிற சத்தம் வரும்வரை அங்கேயே நின்றிருந்தார்.