ஐந்து தாள்களில் ஒரு பாதம்

பேராசிரியர் ஹால்வர்சன் ஐந்து பொறியியல் விடைத்தாள்களை மேசைமேல் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். ஐந்திலும் ஒரே தவறான விடை. ஐந்திலும், படத்தில் பாரம் இறங்கும் இடத்தில் எல்லோரும் போடும் அம்புக்குறிக்குப் பதிலாக ஒரு சின்னப் பாதம், விரல்களோடு.

"இது எங்கேருந்து வந்ததுன்னு உங்களுக்கு ஏதாவது தெரியுமா, ஒடெசா?" என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"தெரியும் சார். அது என் பாதம்."

இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. தேர்வில் காப்பி அடித்ததாக ஐந்து பேர்மீதும் அவர் புகார் எழுதிய செய்தி திங்கட்கிழமை காலையிலேயே வந்துவிட்டது. நிரூபணமானால் ஒரு வருடம் வெளியே, உதவித்தொகையும் போய்விடும். அது போனால் ஐவரில் ஒருத்தியான டெல்ஃபின் படிக்கத் திரும்பி வரவே முடியாது. எல்லாம் தெரிந்தும், செவ்வாய்க்கிழமை அவர்கள் கண்ணில் படாமல் இருந்துவிட்டு, நான் புதன்கிழமைதான் போனேன். என் மேற்படிப்புக்குச் சிபாரிசுக் கடிதம் எழுத வேண்டியவர் இந்த ஹால்வர்சன். இரண்டு நாளும் அந்தக் கடிதத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதை மறைத்துவிட்டு நடந்ததை எழுத முடியாது.

எங்கள் கறுப்பின மாணவர் சங்கத்துக்கு அடித்தளத்தில், கொதிகலன் அறைக்குப் பக்கத்தில் ஓர் அறை. நூற்றிருபது பேர் படிக்கும் வகுப்பில் நாங்கள் ஐந்தாறு பேர்தான் இருப்போம். குழு பிரிக்கும்போது எங்கள் பக்கம் யாருடைய கண்ணும் திரும்பாது. அதனால் செவ்வாய்தோறும் எங்களுக்கென்று ஒரு படிப்பு மேசை. இப்போது அதை நடத்துபவள் நான்; அந்த ஐந்து பேரும் எனக்கு இரண்டு வகுப்பு இளையவர்கள். எங்களுக்கு முன் இருந்தவர்கள் வைத்த விதி ஒன்றுதான்: ஒவ்வொருவரும் கரும்பலகைக்குப் போய்க் கணக்கை முதலிலிருந்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை ஒருவரும் எழுந்திருக்கக் கூடாது.

"அக்கா, இந்த விதிக்கு ஓட்டெடுப்பு வைங்க. என் மூத்திரப்பைக்கும் ஒரு ஓட்டு குடுங்க" என்பான் மார்க்வெல்.

"உக்காருடா. அதுவும் பொறியியல்தான், அடக்கிப் பழகு" என்பாள் டெல்ஃபின்.

தேர்வுக்கு முந்தைய செவ்வாய், மரப்பலகையின் வலுவைக் கணக்கிடும் பாடம். எனக்கு மறுநாள் வேறொரு தேர்வு. அவசரத்தில் குறுக்குவழி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தேன். "எந்தப் பக்கம் பெருசோ, அதைத்தான் மூணு தடவை பெருக்கணும். அவ்வளவுதான்."

"பலகையைப் படுக்கப் போட்டாலுமா?" என்று டெல்ஃபின் கேட்டாள்.

நான் யோசிக்கவில்லை. "எப்பவும்" என்றேன். பாரம் இறங்கும் இடத்தில், என் வழக்கப்படி அம்புக்குப் பதிலாக ஒரு பாதம் வரைந்தேன்.

விளிம்பில் நிமிர்ந்து நிற்கும் பலகைக்கு மட்டுமே அது பொருந்தும். படுத்திருக்கும் பலகை வளையும். அதைக் கண்ணால் பார்த்தாலே தெரியும். டெல்ஃபினுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனாலும் விதிப்படி கரும்பலகைக்குப் போய், என் வார்த்தைகளையே சொல்லி, என் பாதத்தையே வரைந்துவிட்டு உட்கார்ந்தாள். தேர்வில் வந்தது படுத்திருந்த பலகை.

இதையெல்லாம் நான் சொன்னபோது ஹால்வர்சன் நம்பவில்லை. "நீங்க தப்பாச் சொல்லிக்குடுத்தீங்களா? இந்தப் பாடத்துல நீங்கதானே முதல்?"

"ஆமா. தப்பாத்தான் சொல்லிக்குடுத்தேன்."

இரண்டு வருடத்துக்கு முந்தைய என் விடைத்தாளைப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். அதிலும் பாதம். பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய கையெழுத்து: 'அழகான பாதம்.' அவர் அதைப் பார்த்துச் சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

"சரி, புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். நேர்மையா வந்து சொன்னீங்க. உங்க கடிதத்துல இதையும் சேர்த்து எழுதறேன்."

"டெல்ஃபினும் இதேதானே சொன்னா சார்? செவ்வாய்க்கிழமை மேசையைப் பத்தி உங்ககிட்ட சொன்னாளே?"

"அஞ்சு பேரும் அச்சடிச்ச மாதிரி ஒண்ணையே சொன்னாங்க. ஒத்திகை பார்த்துட்டு வந்த மாதிரி இருந்தது."

"நடந்தது ஒண்ணுதானே சார். வேற எப்படிச் சொல்லுவாங்க?"

அவர் தாள்களை அடுக்கத் தொடங்கினார். நான் விடவில்லை.

"போன வருஷம் மூலை வீட்டு விடுதி வெள்ளைக்காரப் பசங்க பதினோரு பேர் ஒரே தப்பான விடையை எழுதினாங்க. அவங்க விடுதியில பழைய கேள்வித்தாள் பெட்டி பெட்டியா இருக்கு. 'யார்கிட்டயோ நல்ல நூலகம் இருக்கு போல'ன்னு வகுப்புல சொல்லிச் சிரிச்சீங்க. உங்களுக்கு உதவியா அந்தத் தாள்களைத் திருத்தினதே நான்தான்."

"அது வேற விஷயம்."

"என்ன வேற?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உங்கள் கடிதமே வேண்டாம் என்று சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லவில்லை. எனக்கு அது வேண்டும். வேண்டியிருக்கிறதே என்று என்மீது வந்த கோபத்தையும் சேர்த்து அவர்மேலேயே திருப்பினேன்.

"வாபஸ் வாங்கறதை எழுத்துல குடுங்க. அஞ்சு பேருக்கும் தனித்தனியா."

"நாளைக்கு அனுப்பறேன். இப்ப எனக்கு ஒரு கூட்டம் இருக்கு."

"பரவாயில்லை. நீங்க எழுதி முடிக்கிறவரைக்கும் நான் எழுந்திருக்கப் போறதில்லை."

என்னைப் பார்த்தார். நான் சத்தம் போடுவேன் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும். கையை மடியில் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் கணினிப் பக்கம் திரும்பித் தட்டத் தொடங்கினார். ஐந்தாவது கடிதமும் போய்ச் சேர்ந்ததைத் திரையில் பார்த்த பிறகுதான் எழுந்தேன். நன்றி சொல்லவில்லை.

அடுத்த செவ்வாய் மேசையில் கோழி வறுவலும் சோள ரொட்டியும் இருந்தன. மார்க்வெல் எழுந்து நின்று கை தட்டினான்.

"வாங்க வாங்க, பெரிய பக்கம் அக்கா! இன்னைக்கு எதை மூணு தடவை பெருக்கப் போறோம்?"

எல்லோரும் சிரித்தார்கள். டெல்ஃபின் சிரிக்கவில்லை.

நான் கரும்பலகைக்குப் போய்க் கணக்கை முதலிலிருந்து சொன்னேன். எங்கே தவறினேன், ஏன் தவறினேன் என்றும், டெல்ஃபின் கேட்டபோது ஒரு நொடிகூட யோசிக்கவில்லை என்றும், என் பழைய தாளில் ஹால்வர்சன் 'அழகான பாதம்' என்று எழுதியிருந்ததையும் சொன்னேன். பிறகு ஒவ்வொருவராக வந்து சொன்னார்கள். டெல்ஃபின் கடைசி.

அவள் படுத்திருக்கும் பலகையை வரைந்தாள். சரியான பக்கத்தை மூன்று முறை பெருக்கினாள். பாரம் இறங்கும் இடத்தில் அம்புக்குறி போட்டாள். அளவுகோல் வைத்து வரைந்தது போல நேரான அம்பு.

"என்னடி, பாதம் எங்கே?" என்றான் மார்க்வெல்.

"இனிமே போட மாட்டேன்." அவள் என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். "அக்கா, உங்க பேப்பர்ல இருந்தப்ப அது அழகு. எங்க பேப்பர்ல வந்ததும் அது திருட்டு. ரெண்டு ராத்திரி நான் தூங்கல. புகார் திங்கக்கிழமை வந்துச்சு. நீங்க எப்பப் போனீங்க?"

"புதன்கிழமை."

"ஏன்?"

யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி ஆள் இன்னும் சொல்லி முடிக்கவில்லை. இந்த முறை அந்தக் கடைசி ஆள் நான்.

சிபாரிசுக் கடிதத்திலிருந்து ஆரம்பித்தேன்.