கோணி போர்த்திய பாத்தி

காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருந்தாள் அம்பரீன். மண் ஈரமாக இருந்தும் சிறுகீரை தலை தொங்கி, இலை ஓரம் கருகிக் கிடந்தது.

உணவுமுறைப் படிப்பின் கடைசிப் பகுதி, விரிஞ்சிபுரம் பக்கம் பூங்குழலியின் பண்ணையில் பயிற்சி. தன் கையால் விளைவித்த கீரை பள்ளிக்கூடச் சமையலுக்குப் போனால்தான் சான்றிதழ். இந்த வாரத்தோடு தவணை முடிகிறது. தேறாவிட்டால் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் வேலைக்குப் போவதாக அப்பாவுக்குச் சொல்லிவிட்டுத்தான் படிக்கவே வந்திருந்தாள்.

பூங்குழலி குனிந்து, வரிசைகளுக்கு நடுவே ஈரம் காக்கப் பரப்பியிருந்த கோணியில் ஒரு நாரைப் பிய்த்து நாக்கில் வைத்தாள்.

"இன்னாம்மா இது, கீரை போட்டியா, ஊறுகா போட்டியா?"

கோணியைக் கொடுத்தவர் அப்பா முனீர் அகமதுதான். தோல் மண்டியில் வேலை. பச்சைத்தோல் அழுகாமலிருக்க உப்பைத் தடவி, கோணியில் சுற்றித்தான் அடுக்குவார்கள். அந்த உப்பு கோணி நாரில் ஊறிவிடும், ஒரு அலசலில் போகாது. ஒவ்வொரு பாய்ச்சலிலும் கொஞ்சம் கரைந்து மண்ணில் இறங்கும். வேருக்குள் இருக்கும் சாறு மண்ணின் நீரைவிடக் கெட்டியாக இருக்கும்வரைதான் நீர் உள்ளே வரும். மண்ணில் உப்பு கூடிவிட்டால் கண்ணெதிரே தண்ணீர் நின்றாலும் வேரால் குடிக்க முடியாது.

"நிறைய தண்ணி விட்டுக் கழுவிடலாமாக்கா?"

"எந்தத் தண்ணி? நம்ம கிணறே லேசா கரிக்குது. மழைதான் கழுவணும்." பூங்குழலி குரலைத் தாழ்த்தினாள். "என் பாத்தில அறுத்துக் குடுத்துடு. கீரைல பேரா எழுதியிருக்கு?"

அரிவாளை வாங்கிக்கொண்டு அடுத்த பாத்திவரை போனாள் அம்பரீன். பச்சைப்பசேலென்று நின்றது கீரை. ஒரு கைப்பிடி பிடித்தாள், விட்டாள்.

"உங்க கீரைக்கா அது."

"ரொம்பத்தான் நேர்மை," என்றாள் பூங்குழலி. திட்டுவது போலத்தான் இருந்தது.

போன் அடித்தது. அப்பா.

"பேட்டா, கோணி உதவுச்சா? மேஸ்திரிய கேட்டு இன்னும் நாலு எடுத்து வெச்சிருக்கேன்."

வாடிய பாத்தியைப் பார்த்தாள்.

"கோணி நல்லாத்தான் இருந்துச்சுப்பா. நான்தான் தண்ணி ஜாஸ்தி விட்டு அழுக வெச்சிட்டேன்."



"பரவால்ல. திங்கக்கெழம கம்பெனிக்குப் போ. அங்க தண்ணி ஊத்துற வேல இல்ல."

"சரிப்பா," என்றாள்.