பயிற்சிக்கு மட்டும்

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் சுண்டுவுக்கு அந்த வாரம் கொடுத்திருந்த வேலை பார்வைக்கு ஒன்றுமே இல்லாதது. ஊழியர் பெயருக்கு எதிரே ஒரு கட்டம் இருக்கும். அதைத் திறந்தால் மொழிகள் வரிசையாக வந்து நிற்கும். யாருக்கு எந்த மொழி வருமோ அதைத் தேர்ந்தெடுத்துவிட்டால், மோசடி மின்னஞ்சலைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பயிற்சி அவரவர் மொழியில் போய்ச் சேரும். அதுவரை எல்லாருக்கும் அலுவலக மொழியில்தான் போய்க்கொண்டிருந்தது. புரிந்தவர்கள் படித்தார்கள், புரியாதவர்கள் 'அடுத்து, அடுத்து' என்று அமுக்கி முடித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போனார்கள். பெரிய டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் படிக்காமலே அமுக்குகிற ரகம் என்பது கணினிப் பிரிவுக்கு மட்டும் தெரிந்த சங்கதி.

சுண்டு என்பது வீட்டுப் பெயர். பிறந்தபோது சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று சித்தி வைத்தது. அடையாள அட்டையில் முழுநீளத்துக்கு வேறொரு பெயர் உண்டு. திடீரென்று கேட்டால் சித்திக்கே அதை யோசித்துத்தான் சொல்ல வரும். வேலை கிடைத்து, தமிழ் பேசாத இந்த நகரத்துக்கு வந்ததிலிருந்து அவள் இருப்பது சித்தி வீட்டில்தான். சித்தியும் அதே மருத்துவமனைதான், ஆனால் தரைக்குக் கீழே, சலவைப் பிரிவில். வார்டுகளிலிருந்து அழுக்காக இறங்கி வருகிற விரிப்புகள் துவைத்து, காய்ந்து, சுருக்கம் எடுக்கிற சூட்டு உருளைக்குள் நுழைந்து வெளியே வரும்போது ஆளுக்கொரு முனையைப் பிடித்து மடித்து அடுக்குகிற இடம். அங்கே சித்தியின் பேச்சுக்கு ஒரு மதிப்பு உண்டு. கையெழுத்துப் போடுவதா, புதுச் சோப்பை நம்புவதா, மேலதிகாரி சிரித்தால் பதிலுக்குச் சிரிக்கலாமா என்று எல்லாவற்றுக்கும் அவளைத்தான் கேட்பார்கள்.

சலவைப் பிரிவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் தமிழ் பேசுகிறவர்கள். சுண்டு அந்தப் பிரிவுக்கு மொத்தமாகத் 'தமிழ்' என்று தேர்ந்தெடுத்தாள். சேமிக்கப் போகும்போது மென்பொருள் ஒரு கேள்வி கேட்டது: இந்த மொழி எதற்கு? 'பயிற்சிக்கு மட்டும்', 'எல்லா அறிவிப்புகளுக்கும்' என்று இரண்டு வட்டங்கள். அவளிடம் சொல்லியிருந்தது பயிற்சியைப் பற்றித்தான். முதல் வட்டத்தை அமுக்கிவிட்டு அடுத்த பிரிவுக்குப் போனாள்.

பயிற்சியின் முதல் படி கொஞ்சம் குறும்பானது. மருத்துவமனையே ஊழியர்களுக்கு ஒரு பொய் மின்னஞ்சல் அனுப்பும். தூண்டில் என்று கணினிப் பிரிவில் சொல்வார்கள். அதில் இருக்கிற பொத்தானை அமுக்கி ஏமாந்தவர் பெயருக்கு நேரே சிவப்புப் புள்ளி விழும், பாடம் அவரைத் தேடிப் போகும். ஏமாறாதவர் சமர்த்து.

முதலில் போனது மென்பொருளே வைத்திருந்த தமிழ்த் தூண்டில். அன்று சாயங்காலம் சித்தி அதை வீட்டில் எல்லாருக்கும் உரக்கப் படித்துக் காட்டினாள். 'அன்பான பயனரே, தங்கள் கணக்கு இடைநிறுத்தலுக்கு உட்படுத்தப்படவிருப்பதால் இங்கே சொடுக்குதலைச் செய்து தங்களைத் தாங்களே செல்லுபடியாக்கிக்கொள்ளவும்.'

"என்னை நானே செல்லுபடியாக்கிக்கணுமாம்! அப்போ இத்தனை நாளும் செல்லாக்காசாவா இருந்தேன்?"

"அதை இப்பத்தான் கண்டுபிடிச்சிருக்காங்க" என்றார் சித்தப்பா, தட்டிலிருந்து தலையைத் தூக்காமல். சித்தி அவர் முதுகில் ஒன்று வைத்தாள். சுண்டு சிரித்தாளே தவிர, அது யார் அனுப்பியது என்று வாயைத் திறக்கவில்லை. திறக்கக் கூடாது என்பது வேலையின் விதி.

மறுநாள் பிரிவுத் தலைவருக்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனிதர்தான், ஆனால் சதவீதத்தைப் பார்த்தால் மட்டும் குழந்தையாகிவிடுவார். "சலவையில ஒருத்தர்கூட ஏமாறலம்மா! டாக்டருங்களே தோத்துட்டாங்க!" என்று நாற்காலியோடு சுற்றினார்.

சுண்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. "சார், அவங்க உஷாரா இருந்ததால இல்ல. அந்தத் தமிழ் அவ்வளவு கண்றாவியா இருந்துச்சு. நிஜத் திருடன் ஒருத்தன் வந்தா நல்லா எழுதத் தெரிஞ்ச ஆளா பார்த்துத்தானே வச்சுக்குவான்?"

"அப்படியா? அப்போ நீங்களே ஒண்ணு எழுதுங்களேன்."

இந்த அலுவலகத்துக்கு வந்த நாளிலிருந்து அவளுடைய தமிழை ஒருவரும் கேட்டதில்லை. கேட்டதும் உச்சி குளிர்ந்துவிட்டது. சலவை ஆட்களுக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமென்றால் கணினியில் அலுவலக மொழியில் விண்ணப்பம் போட வேண்டும். அதற்கு யாராவது எழுதிக் கொடுக்க வேண்டும், எழுதிக் கொடுப்பவரின் மனநிலை சரியாக இருக்க வேண்டும். சித்தி மாதக்கணக்கில் காலை வேலை கேட்டுக்கொண்டிருக்கிறாள். சுண்டு ஒரு விண்ணப்பம் போட்டுக் கொடுத்தாள், பதிலே வரவில்லை.

அதனால் இப்படி எழுதினாள்: 'நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கிறவர்கள் நீங்கள். இனிமேல் நேரம் மாற்றிக்கொள்ள யார் முன்னாலும் போய் நிற்க வேண்டாம். உங்களுக்கு எந்த நேரம் வசதி என்று தமிழிலேயே எழுதி அனுப்பலாம். அவசரமே இல்லை. உட்கார்ந்து ஒரு மடக்கு டீ குடித்துவிட்டு, நிதானமாகக் கீழே இருக்கும் பொத்தானை அமுக்குங்கள்.'

எழுதி முடித்துவிட்டு இரண்டு தடவை படித்துப் பார்த்தாள். ரொம்பப் பிடித்திருந்தது. அனுப்பிய முகவரி மட்டும் மருத்துவமனையுடையது அல்ல. உற்றுப் பார்க்கிறவர்கள் தப்பித்துக்கொள்ளலாம். மற்றபடி ஓட்டை என்று எதுவும் இல்லை.

மறுநாள் மத்தியானத்துக்குள் சலவைப் பிரிவு முழுக்க அம்மை போட்ட மாதிரி சிவப்புப் புள்ளிகள். ஒருவர் பாக்கியில்லை. சுண்டுவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறைத்துப் பிரயோஜனமில்லை. தன் எழுத்துக்கு இவ்வளவு பலமா என்று ஒரு கணம் பூரித்துப் போனாள். பிறகுதான் வரிசையின் உச்சியில் சித்தியின் பெயரைப் பார்த்தாள். எல்லாருக்கும் முன்னால் அமுக்கியவள் அவள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது சித்தி கூடத்தில் நின்று படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் சுண்டு செருப்பைக் கழற்றுவதற்குள் "வந்துட்டியா, புடி" என்று ஒரு முனையை நீட்டுவாள். அன்று நீட்டவில்லை. ஒரு முனையை மோவாயில் இடுக்கிக்கொண்டு, கைகளை அகல விரித்துத் தனியாக மடித்தாள். விரிப்பு கோணலாகப் போனது. சலவைப் பிரிவில் இப்படி மடித்தால் சித்தியே பிரித்துப் போடச் சொல்வாள்.

"சித்தி..."

"நீதானே எழுதினே?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"உட்கார்ந்து ஒரு மடக்கு டீ குடிச்சிட்டு நிதானமா. இந்த வீட்டுல தினம் உனக்கு யாரு அதைச் சொல்றது, உங்க சித்தப்பாவா?"

உள் அறையிலிருந்து வெளியே வரப் போன சித்தப்பா அப்படியே திரும்பிப் போனார்.

"படிச்சதுமே தெரிஞ்சிடுச்சு" என்றாள் சித்தி. குரல் உயரவே இல்லை. "டீ நேரத்துல எல்லாரும் மேசையில இருந்தோம். எங்கூட விரிப்பு மடிக்கிற நெட்டையன் சந்தேகப்பட்டான், வேணாங்க்கா, இது வேற ஏதோன்னான். நான்தான் சொன்னேன், என் அக்கா பொண்ணு எழுதினதுடா, எனக்குத் தெரியாதா, தைரியமா அமுக்குன்னு. எல்லாருக்கும் நானே படிச்சுக் காட்டினேன். ஒருத்திக்குக் கண்ணு சரியா தெரியல, இன்னொருத்திக்கு எழுத வரல, நானே அடிச்சுக் கொடுத்தேன். யாருக்கு எந்த நேரம் வேணும், எதுக்கு வேணும்னு. எல்லாரும் ஒண்ணா அனுப்பினோம். எல்லாப் போனும் ஒண்ணா செவந்துச்சு. 'நீங்கள் ஏமாந்துவிட்டீர்கள்'னு."

"அது வேலை சித்தி. உன்கிட்ட முன்னாடியே சொல்லக் கூடாது. இதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது, வெறும் பாடம்தான்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையா?" சித்தி மடித்ததை நாற்காலியில் வைத்தாள். "அதுக்கப்புறம் உருளைக்கிட்ட ஒருத்தரும் என்கிட்டப் பேசல. கோபமா பேசியிருந்தாக்கூடப் பரவாயில்ல. நெட்டையன், பாவம்க்கா நீயும் ஏமாந்துட்டேங்கிறான். இத்தனை வருஷத்துல அந்தக் கட்டடத்துலேர்ந்து நம்ம பாஷையில எங்களுக்கு ஒருத்தரும் ஒரு வரி எழுதினதில்ல. முதல் தடவையா எழுதினது நீ. எழுதினதும் பொய்."

அவ்வளவுதான் சொன்னாள். சாப்பாட்டைப் போட்டாள், குழம்பை ஊற்றினாள், "இன்னும் கொஞ்சம் போட்டுக்க" என்றாள். ஆனால் அதன் பிறகு பல நாளைக்குச் சுண்டுவை அவள் விரிப்பு மடிக்கக் கூப்பிடவில்லை.

அலுவலகத்தில் வேறொரு வேடிக்கை நடந்தது. ஏமாந்தவர்களுக்குத் தமிழில் பாடம் போயிற்று. சலவையில் ஒருவரும் அதைத் திறக்கவில்லை. ஞாபகப்படுத்தி இன்னொரு மின்னஞ்சல் போயிற்று, அதையும் திறக்கவில்லை. திறக்காதது மட்டுமல்ல, அத்தனை பேரும் அதை 'மோசடி' என்று புகார் செய்திருந்தார்கள்.

தலைவர் தலையைச் சொறிந்தார். "பாடத்தையே புகார் பண்றாங்களேம்மா. இதை வெற்றின்னு போடறதா, தோல்வின்னு போடறதா?"

"சார், அவங்க சரியாத்தான் கத்துக்கிட்டாங்க" என்றாள் சுண்டு. இந்தத் தடவை யோசித்துப் பேசினாள். "இங்கேர்ந்து அவங்களுக்குத் தமிழ்ல வர்றது பொய் மட்டும்தான். சம்பளச் சீட்டு தமிழ்ல வராது. வேலை நேர அட்டவணை வராது. தூண்டில் மட்டும் தமிழ்ல வரும். அப்போ தமிழ்ல எழுதுறவன் திருடன்னுதானே அர்த்தம்? நாமதான் அப்படிப் பழக்கியிருக்கோம்."

அவரைத் தன் திரைக்குக் கூட்டிப்போய் அந்த இரண்டு வட்டங்களைக் காட்டினாள். முதல் வட்டத்தில் புள்ளி இருந்தது. தான் வைத்த புள்ளிதான் என்பதையும் சொன்னாள். தலைவர் குனிந்து திரையைப் பார்த்தார். "இவ்வளவுதானா? இதுக்குப் பணம்கிணம் தனியா கட்டணுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் வேண்டாம் சார். அமுக்கினா போதும்."

அமுக்கினால் போதும் என்பதற்கும் அமுக்கலாம் என்பதற்கும் நடுவே நிர்வாகம் உட்கார்ந்திருக்கிற மேல்மாடி என்று ஒன்று உண்டு. தலைவர் ஏறிப் போனார், இறங்கி வந்தார், மறுபடி ஏறினார். கடைசியில் ஒரு நாள் காலையில் அவள் மேசைக்கு வந்து நின்றார். "சரின்னுட்டாங்க. அறிவிப்பு, சம்பளச் சீட்டு, அட்டவணை, வேலை நேரம் மாத்துற விண்ணப்பம் எல்லாம். இத்தனை நாள் ஏன் இல்லன்னு என்னையே கேட்டாங்க."

சுண்டு இரண்டாவது வட்டத்தை அமுக்கினாள். சலவைப் பிரிவுக்கு மருத்துவமனையின் நிஜ முகவரியிலிருந்து ஒரு தமிழ் மின்னஞ்சல் எழுதினாள். டீயைப் பற்றி அதில் எதுவும் இல்லை. 'வேலை நேரம் மாற்ற இனித் தமிழில் விண்ணப்பிக்கலாம்' என்று இரண்டே வரி.

ஒருவரும் திறக்கவில்லை.

"சித்தி, இது நிஜம்" என்றாள் வீட்டில், போனை எடுத்து நீட்டி. "சத்தியமா நிஜம். முகவரியைப் பாரு. நான் உன் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கேன், அமுக்கு."

சித்தி போனை வாங்கிப் பார்த்தாள். முகவரியை எழுத்தெழுத்தாகப் படித்தாள். திருப்பிக் கொடுத்தாள். "வீட்டுல வந்து சொன்னா அது உங்க சித்திக்குச் சொன்னது. ஏமாந்தது நான் மட்டும் இல்ல. அங்க வந்து சொல்லு."

மறுநாள் டீ நேரத்துக்குச் சுண்டு கீழே இறங்கினாள். அந்தச் சூட்டில் இரண்டு நிமிடத்தில் அவளுடைய சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. உருளை ஓடிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அவளை ஏறெடுத்துப் பார்த்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்கள்.

"அன்னிக்கு வந்த பொய்யை எழுதினது நான்" என்றாள். "சித்திக்கு அது பொய்னு தெரியாது. என் எழுத்துன்னு நம்பித்தான் உங்களை அமுக்கச் சொன்னாங்க. அவங்க உங்ககிட்டப் பொய் சொல்லல, நான்தான் சொன்னேன். மன்னிச்சுக்குங்க. நேத்து வந்தது நிஜம்."

நெட்டையன் சித்தியைப் பார்த்தான். எல்லாருமே சித்தியைத்தான் பார்த்தார்கள்.

சித்தி டம்ளரை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். முன்பின் பார்க்காத ஆள் மாதிரி சுண்டுவை மேலும் கீழும் பார்த்தாள். "யாரு நீங்க?"

"சித்தி!"

"சித்தியெல்லாம் வீட்டுல. அட்டையைக் காட்டுங்க."

சுண்டு கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்தாள். சித்தி படத்தைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், அந்த நீளப் பெயரை ஒரு எழுத்து விடாமல் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாய்விட்டுப் படித்தாள். பிறகு தன் போனை எடுத்து, நேற்று வந்ததன் முகவரியை அதேபோல் படித்தாள். மேசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"ஆளு சரியாத்தான் இருக்கு" என்றாள் அவர்களிடம். "ஆனா யாரும் அமுக்காதீங்க. நான் ஒருத்தி மட்டும் அமுக்குறேன். காலை வேலை கேக்குறேன். வந்தா பார்த்துட்டு நீங்க கேளுங்க. வரலேன்னா இவளை எங்க தேடணும்னு எனக்குத் தெரியும்."

அமுக்கினாள். எதுவும் சிவக்கவில்லை. ஒரு வெள்ளைக் கட்டம் வந்து தமிழில் அவள் பெயரைக் கேட்டது. சித்தி நின்றபடியே அடித்தாள். நெட்டையன் எழுந்து வந்து சித்தியின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "எனக்கும் எழுதித் தரியாக்கா? அப்புறமா. உனக்கு வந்ததுக்கு அப்புறம்" என்றான்.

"தரேன்டா. வரட்டும்."

உருளையிலிருந்து அடுத்த விரிப்பு சூடாக வெளியே வந்தது. சித்தி அதை இழுத்து, இரண்டு முனைகளைத் தன் கையில் வைத்துக்கொண்டு மற்ற இரண்டைச் சுண்டுவிடம் நீட்டினாள்.

"புடி" என்றாள்.

சூடு கையைச் சுட்டது. சுண்டு விடாமல் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தாள்.