வெண்ணிலா பார்த்த இடங்கள்

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடையில் ரோட்டோரமாக இருக்கும் உறைவிடப் பள்ளியில், போன ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழேகால் மணிக்கு, ஒன்பதாம் வகுப்புச் சுவரில் ஓர் ஓட்டை விழுந்தது. ஐந்து ரூபாய் நாணயத்தின் அகலம். அதன் வழியாகப் பக்கத்துக் கோழிப்பண்ணை தெரிந்தது. கடப்பாரையோ டிரில்லோ யாரும் எடுக்கவில்லை. வெண்ணிலா என்கிற பதினான்கு வயதுப் பெண் அந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கூடத்தார் பிறகு வேறு மாதிரிச் சொன்னார்கள். அங்கே ஐந்தரை மணிக்கே பிள்ளைகளை எழுப்பிவிடுவார்கள். முதலில் வேக வாசிப்பு: நிமிடத்துக்கு எண்ணூறு சொல், உதடு அசையக் கூடாது, மனதுக்குள்கூட உச்சரிக்கக் கூடாது. அடுத்து ஞாபகப் பயிற்சி: தட்டில் சாவி, பூண்டு, பேனா மூடி என்று இருபத்துநாலு சாமான் வைத்து, பத்து நொடி காட்டித் துண்டால் மூடுவார்கள்; ஒன்று விட்டுப்போனாலும் சாப்பாட்டு வரிசையில் கடைசி இடம். பிறகு கவனப் பயிற்சி. சுவரில் ஒட்டிய கறுப்புப் புள்ளியை முக்கால் மணி நேரம் பார்க்க வேண்டும். வேறு நினைப்பு வந்தால் அதைப் புள்ளிக்குப் பின்னால் தள்ளிவிடச் சொன்னார்கள். அம்மா நினைப்பு வந்தால்? அதையும்தான். பெற்றவள் முகத்தை மறக்கப் பழக்கிவிட்டு அதற்குக் கவனம் என்று பேர் வைக்க இவர்களுக்கு எப்படித்தான் மனம் வந்ததோ. வெண்ணிலா சொன்ன பேச்சைக் கேட்கிற பெண். ஒரு வருடம் தள்ளிக்கொண்டே இருந்தாள். சுவர் தாங்கவில்லை.

நியாயமான மனிதர்கள் அன்றைக்கே பிள்ளையை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இவர்கள் ஃப்ளெக்ஸ் அடித்தார்கள். ‘கவனத்தால் சுவரைத் துளைத்த எங்கள் மாணவி’ என்று இருபது அடி உயரத்துக்கு நின்றது. லாரிக்காரர்கள் வேகத்தைக் குறைத்துப் படித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு வகுப்பில் அவளுக்கு முன்னால் உட்கார ஆளில்லை. அந்த மாதமே விடுதியில் தண்ணீர் வற்றியது. ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டி ஆயிரத்து முந்நூறு அடி இறங்கியும் புழுதிதான் கிளம்பியது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று, தாளாளர் பாலசுந்தரம் அந்தக் குழிக்கு முன்னால் நாற்காலி போட்டு வெண்ணிலாவை உட்கார வைத்தார். தலைக்கு ஒரு குடைகூட இல்லாமல் ஆறு நாள் வெயிலில் குழிக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏழாம் நாள் தண்ணீர் வந்தது. கொஞ்சம் உப்பு, துணி துவைக்க ஆகும். அதைச் செயல்முறைப் பயிற்சி என்று பதிவேட்டில் எழுதினார்கள்.

அவளுடைய அம்மா சௌந்திரம் நாமக்கல் பக்கம் ஒரு பண்ணையில் முட்டை பிரிப்பவள். நாளெல்லாம் நின்றபடி, ஆயிரக்கணக்கான முட்டைகளில் மயிரிழை விரிசலையும் கண்ணாலேயே கண்டுபிடித்துவிடுவாள். அவளுக்கு யாரும் ஃப்ளெக்ஸ் அடித்ததில்லை. பள்ளியில் மாதத்தில் ஒரு ஞாயிறு, அரை மணி நேரம், பெற்றோர் சந்திப்பு. ஆவணியிலும் புரட்டாசியிலும் மகள் தரையைப் பார்த்தே பேசினாள். உடம்பு சரியில்லையோ என்று சௌந்திரம் நினைத்தாள். ஐப்பசியில்தான் தரையைக் கவனித்தாள். மகளின் காலைச் சுற்றிச் சல்லடை மாதிரி ஓட்டைகள்.

“நிமுந்து பாரு சாமி.”

“வேண்டாங்கம்மா. பாத்தா உங்களுக்கும் ஓட்ட உழுந்துருமுங்க.”

சௌந்திரம் மகளைக் கையோடு இழுத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனாள். பாலசுந்தரம் கொஞ்சமும் கூசாமல் சிரித்தார்.

“கவனங்கறது பெரிய வரமுங்க. லட்சத்துல ஒரு புள்ளைக்குத்தான் அமையும்.”

“வரமுங்களா? அப்ப அப்படியே உக்காருங்க. அவ உங்களயப் பாக்கட்டும்.”

தாளாளர் மேசைமேல் கிடந்த ஃபைலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அதற்குப் பின்னாலிருந்தபடியே, இதெல்லாம் விதிமுறையில் இல்லை என்றார். வெட்கங்கெட்ட மனிதர்.

சௌந்திரம் அவரை அப்படியே விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். மகளையும் எதிரே உட்கார வைத்து, முகவாயைப் பிடித்துத் தூக்கினாள். வெண்ணிலா பார்த்தாள். மூன்று மாதமாகப் பார்க்காததையெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். சௌந்திரத்தின் இடது தோளுக்குக் கீழே ஓட்டை விழுந்தது. ரத்தம் இல்லை, பின்னாலிருந்த பீரோவின் பூட்டு அதன் வழியாகத் தெரிந்தது. சௌந்திரம் குனிந்து, விரலை விட்டுப் பார்த்தாள்.

“இவ்வளவுதானா? இதுக்கா மூணு மாசமா தலையத் தொங்கப் போட்டுட்டுக் கெடந்தே?”

மத்தியான பஸ்ஸிலேயே இருவரும் ஊருக்குத் திரும்பினார்கள். மாற்றுச் சான்றிதழைப் பள்ளி இன்னும் தரவில்லை. மாணவி வேண்டுமென்றே சுவரைக் கெடுத்ததாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவள் கொண்டுவந்த தண்ணீரில் துணி துவைக்க மட்டும் யாருக்கும் கூச்சமில்லை. வெண்ணிலா இப்போது அரசுப் பள்ளிக்குப் போகிறாள். உதடு அசைத்து மெதுவாகப் படிக்கிறாள். சாயங்காலம் வந்து பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் அம்மாவின் முகத்தைப் பார்த்தே சொல்கிறாள். சௌந்திரத்துக்கு இதுவரை பதினோரு ஓட்டைகள். மார்கழியில் கொஞ்சம் காற்று புகுந்தது. துண்டைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டாள்.

தை மாதம், ஒடிசா பக்கம் ரிக் வண்டியில் வேலைக்குப் போயிருந்த வெண்ணிலாவின் அப்பா கலையரசன் எட்டு மாதம் கழித்து வீடு வந்தார். மனைவியைப் பார்த்தார், விவரம் கேட்டார். கை கால் கழுவிவிட்டு வந்து, புதுச் சட்டை வீணாகக் கூடாதென்று கழற்றி மடித்து வைத்துவிட்டு, மகளுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.