மௌரீன் பின்னால் போன அரோவானா

1997 மே மாதம், பிரேசர் டவுன் கலர் மீன் கடையிலிருந்த அரோவானா மீன், தொட்டியை விட்டு எழும்பி, ஆள் உயரத்தில் காற்றிலேயே நீந்தி, வேலை முடிந்து கிளம்பிய மௌரீனுக்குப் பின்னால் பஸ் ஸ்டாப் வரை போய்த் திரும்பியது. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போனது. தெரு ஜனம் ஒரு வாரம் வேடிக்கை பார்த்துவிட்டு, அப்புறம் வழிவிடப் பழகிக்கொண்டது. கடைக்காரர் கோவிந்தப்பா, "ஹோக்லி பிடும்மா, போனா போகட்டும், திரும்பி வந்துடுதில்ல" என்று கல்லாவை விட்டு எழாமலே சொல்லிவிட்டார்.

அதே கடையில் வேலை பார்த்த அலர்மேல்மங்கைக்குத்தான் வயிறு பற்றி எரிந்தது. எரியாதா பின்னே? விரல் நீளக் குஞ்சாக வந்ததை ஆறு வருஷம் இறால் உரித்து ஊட்டி முழங்கை நீளத்துக்கு ஆளாக்கியவள் அவள். அவளும்தான் தினம் நீலசந்திரா வீட்டுக்கு பஸ் ஏறினாள். ஒருநாளாவது வாசல் வரை வந்ததா அது? நேற்று வேலைக்கு வந்த மௌரீன் கண்ணாடியில் ரெண்டு தட்டு தட்டினாள், துரை கிளம்பிவிட்டார்!

தொட்டி ஃபில்டரின் பஞ்சில் வழவழவென்று ஓர் அழுக்கு படியும். மீனின் கழிவைத் தின்னும் கிருமி அதில்தான் இருக்கும், குழாய்த் தண்ணீர் மருந்தில் அது செத்துப்போகும் என்பதால் பஞ்சைத் தொட்டித் தண்ணீரில்தான் அலசுவார்கள், குழாய்த் தண்ணீரில் அல்ல. அந்தத் தொட்டி வேலை இப்போது மௌரீனிடம் போயிருந்தது; அவள் சாப்பிடப் போன நேரம் பார்த்து, அலர்மேல்மங்கை அதைக் குழாயடியில் வெள்ளை வெளேரென்று கசக்கிப் பிழிந்துவைத்தாள். மீனுக்கு லேசாக முடியாமல் போகட்டும், மௌரீன் திட்டு வாங்கட்டும், தொட்டி தன் கைக்கே வரட்டும் என்று நினைத்தாள்.

லேசாகவா போனது? ரெண்டே நாளில் தண்ணீர் பாலாகக் கலங்கி, மீன் அடியில் ஒருக்களித்துக் கிடந்து மூச்சு வாங்கியது.

"அக்கா, நான் என்னக்கா தப்பு பண்ணிட்டேன்? எதாச்சும் பண்ணுங்கக்கா!" என்று அழுதாள் மௌரீன்.

"நீ ஒரு மண்ணும் பண்ணல. தள்ளு."

பாதித் தண்ணீரை மாற்றி, பக்கத்துத் தொட்டிப் பஞ்சின் அழுக்கை அதில் பிழிந்துவிட்டு, கையை உள்ளே விட்டு மீனை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள் அலர்மேல்மங்கை. "பாவி, எந்திரிடா" என்று அவளும் அழுதாள்.

அந்த வாரக் கடைசியில் மீன் தேறி மேலே எழும்பியது. அலர்மேல்மங்கையின் தலையைச் சுற்றி ஒரு வட்டமடித்தது. அப்புறம் அது பாட்டுக்கு மௌரீன் பின்னால் போயிற்று. மேலே காக்கைகள் வட்டமிடுவதைக் கண்டதும் அலர்மேல்மங்கை கடைக் குடையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினாள்.

2003இல் கடை தொம்மலூருக்கு மாறிய பிறகும் அப்படித்தான் போனார்கள்: முன்னால் மௌரீன், நடுவில் மீன், பின்னால் குடையோடு அலர்மேல்மங்கை. பொறாமை தீர்ந்ததா என்றால், எங்கே தீர்ந்தது? மழை வந்தாலும் குடை மீனுக்கு மட்டும்தான். மௌரீன் நனைந்துகொண்டே போவாள்.