கோட்டைக்கு வந்த பெருக்கு முறை

வைலர்பர்க் கோட்டை தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளத் தொடங்கியது ஈஸ்டர் முடிந்த செவ்வாய்க்கிழமை. திங்கட்கிழமை அரசு விடுமுறை என்பதால் அன்று அது வேலை செய்யவில்லை. முதலில் முற்றத்துச் சருகுகள் ஒரு மூலையில் குவிந்தன. மறுநாள் சன்னல் விளிம்புகளில் புறா எச்சம் காணாமல் போனது. அந்த வாரக் கடைசியில், முன்னூறு வருஷத்துக்கு முன் பிரெஞ்சுப் படை வெடி வைத்ததில் அகழிக்குள் சரிந்து, வெட்டிப் போட்ட தர்பூசணி போல மல்லாந்து கிடந்த வடக்குக் கோபுரத்தின் கற்கள் ஒவ்வொன்றாக எழுந்து மேலே போய் உட்கார ஆரம்பித்தன. மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை சத்தம் கூடாது என்ற ஊர்க் கட்டுப்பாட்டைக் கோட்டை மதித்தது. ஞாயிறுகளில் ஒரு கூழாங்கல்கூட அசையவில்லை. அதனால் ஊரில் யாரும் போலீசுக்குப் போகவில்லை. புகார் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

இதற்கெல்லாம் காரணம் யார் என்று ரோஸ்வித்தாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் அந்தக் கோட்டையில் வெளியூர்க்காரர்களைச் சுற்றிக் காட்டுகிறவள். ரொட்டிக்காரத் தெருவில் நான்கு குடும்பங்கள் இருக்கும் வீட்டில் இரண்டாம் மாடியில் குடியிருந்தாள். எங்கள் பக்கத்தில் மாடிப்படியையும் வாசல் நடைபாதையையும் குடித்தனக்காரர்கள் வாரத்துக்கு ஒருவராக முறை வைத்துப் பெருக்க வேண்டும். யார் முறையோ அவர் கதவில் துடைப்பம் வரைந்த ஒரு மரப்பலகை தொங்கும். சனிக்கிழமை சாயங்காலம் கீழ்வீட்டு மைலே அம்மா வந்து பார்த்து, "ஆச்சு" என்று சொன்ன பிறகுதான் பலகை அடுத்த கதவுக்கு நகரும். பார்த்த உடனே அந்த அம்மா "ஆச்சு" என்று சொன்னதாகச் சரித்திரம் இல்லை. வெள்ளைக் கைக்குட்டையைக் கைப்பிடிச் சுவரில் இழுத்துப் பார்த்து, மறுபடி பெருக்க வைத்து, மறுபடி பார்த்து, பெருமூச்சோடுதான் அந்த வார்த்தை வரும்.

ரோஸ்வித்தாவின் கணவன் கோட்ஹில்ஃப், தேவாலயப் பாட்டுக் குழுவில் இரண்டாம் குரல் பாடிய பெண்ணோடு கேனரித் தீவுகளுக்குப் போய்விட்டான். முழங்கால் வலிக்கு வெந்நீர் ஊற்றுச் சிகிச்சைக்குப் போயிருக்கிறார் என்று அவள் மற்றக் குடித்தனக்காரர்களிடம் சொல்லிவைத்தாள். சொல்லி இரண்டு வருஷம் ஆகியும் முழங்கால் ஆறவில்லை. அவனுடைய பழுப்பு நிற ஷூக்கள் கதவுக்கு வெளியே, வந்து போட்டுக்கொள்ளப் போகிறவனுடையவை மாதிரி, ஜோடியாக நின்றன. வீட்டில் யாராவது "எப்படி இருக்கார்?" என்று கேட்டால், அவள் முகத்தை ஒழுங்குபடுத்திக்கொண்டு பதில் சொன்னாள். கோட்டையில் மட்டும்தான் அதற்கு அவசியம் இருக்கவில்லை. மேல்தளத்தில் ஒரு சன்னல் உண்டு, அதற்குப் பின்னால் அறை கிடையாது, வானம்தான். "இங்க பாருங்க" என்று அவள் கை காட்டியதும் கூட்டம் முழுக்க "அடடா" என்று மூச்சை இழுக்கும். உடைந்த ஒன்றைப் பார்த்து, எப்போது சரியாகும் என்று கேட்காமல், இவ்வளவு தூரம் பஸ் பிடித்து வந்து மனிதர்கள் அழகு என்கிறார்களே என்று அவள் ஒவ்வொரு முறையும் அந்த முகங்களைத் திரும்பிப் பார்ப்பாள். அந்த "அடடா"வில் தனக்கும் ஒரு துளி இருப்பதாக அவள் எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை மைலே அம்மா, "ரோஸ்வித்தா, ரெண்டாவது படியில ஒரு முடி கெடக்கு. கலரைப் பாத்தா உங்களுதுதான்" என்றாள். பெருக்கியதைத் திரும்பப் பெருக்கியும் பலகை நகரவில்லை. ரோஸ்வித்தா அதைக் கழற்றிக் கைப்பையில் திணித்துக்கொண்டு வேலைக்குப் போனவள், கோட்டை வாசலின் இரும்பு வளையத்தில் மாட்டிவிட்டாள். "முன்னூறு வருஷமா டிமிக்கி குடுத்துட்டே. இந்த வாரம் நீ பெருக்கு" என்றாள். விளையாட்டுக்குத்தான் சொன்னாள். ஆனால் பலகை தொங்கும் கதவு சும்மா இருப்பது எங்கள் ஊரில் வழக்கமில்லை. கல்லானாலும் அது இந்த ஊர்க் கல்.

கோடைக்குள் கோபுரம் நிமிர்ந்துவிட்டது, கூரை பாதி மூடிவிட்டது. பஸ்ஸில் வந்த ஒரு பெண், "இடிஞ்ச கோட்டைன்னுதானே போட்டிருந்துச்சு?" என்று சண்டைக்கு வந்தாள்.

"போன மாசம் வரைக்கும் இடிஞ்சுதாங்க இருந்துச்சு."

"முழுக் கோட்டை எங்க ஊர்லயே மூணு இருக்கு. இதைப் பாக்கவா ரெண்டு ரயில் மாறி வந்தேன்?"

அனுமதியின்றிக் கற்களை நகர்த்தக் கூடாது என்று தொல்சின்ன அலுவலகத்தார் வாசலில் ஓர் அறிவிப்பை ஒட்டினார்கள். அது கோணலாக இருந்ததால் கோட்டை நேராக்கி ஒட்டியது. விடுதிகள் காலியாகின. இலையுதிர் காலத்துக்குள் கோட்டை முழுசாகிவிட்டால் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடலாம், வழிகாட்டிகள் தேவைப்படாது என்று மேயர் சொன்னார். வேலை போவதைவிட ரோஸ்வித்தாவை வருத்தியது அந்தச் சன்னல்தான். அதற்குப் பின்னால் சுவர் வளர்ந்துகொண்டு வந்தது. இடுப்பளவு வந்ததும் அவள் ஓடிப்போய்ப் பலகையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. முறை முடியாமல் இன்னொருவர் கதவில் தொங்கும் பலகையை யாரால் கழற்ற முடியும்?

இதற்கிடையில் ரொட்டிக்காரத் தெரு வீட்டில் பலகை இல்லாததால் யார் முறை என்று தெரியாமல், ஒருவரும் பெருக்கவில்லை. மாடிப்படியில் தூசி பூனைக்குட்டி மாதிரி உருண்டு திரிந்தது. மைலே அம்மா தானே எடுத்துப் பெருக்கியிருக்கலாம், ஆனால் முறை அவளுடையதில்லையே. அவள் இளைத்துப்போனாள். ரோஸ்வித்தா கதவைத் தட்டி, பலகை எங்கே இருக்கிறது என்று சொன்னபோது அந்த அம்மா திட்டவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்குப் போடும் மேலங்கியை மாட்டிக்கொண்டு, புதுக் கைக்குட்டை ஒன்றை எடுத்துக்கொண்டு, "நடங்க" என்றாள்.

அன்றும் சனிக்கிழமைதான். மைலே அம்மா கோட்டையை மாடிப்படியைப் பார்ப்பது போலவே பார்த்தாள். "இந்த மூலையில சிலந்தி." சிலந்தி தன் வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியேறியது. "அந்த ஓடு கோணல்." ஓடு நிமிர்ந்தது. குறை சொல்லச் சொல்லக் கோட்டை இன்னும் மும்முரமாக வேலை செய்தது. கடைசியில் மேல்தளத்துச் சன்னலுக்கு வந்தார்கள். சுவர் தோளளவுக்கு வந்திருந்தது. மேலே ஒரு பட்டை வானம் மிச்சம்.

"இதென்ன, பின்னாடி ரூமே இல்ல? அரைகுறை வேலை" என்றாள் மைலே அம்மா. கீழே கற்கள் எழுந்திருக்கும் சத்தம் கேட்டது.

"ஆச்சுன்னு சொல்லுங்க!" ரோஸ்வித்தா கத்திவிட்டாள். "ஒரே ஒரு தடவை, குறை சொல்லாம, ஆச்சுன்னு சொல்லுங்களேன்! இது இப்படியே இருக்கட்டும். கோட்ஹில்ஃப் சிகிச்சைக்குப் போகல. என்னை விட்டுட்டே போயிட்டாரு."

"தெரியும்."

"உங்களுக்கா?"

"தெருவுக்கே தெரியும். ரெண்டு வருஷம் வெந்நீர்ல கெடந்தா ஆளே வெந்திருக்கும்ல?" மைலே அம்மா கைக்குட்டையை மடித்தாள். "அந்த ஷூவை வாராவாரம் யாரு தொடைக்கிறாங்கன்னு நெனச்சீங்க?"

அந்த ஷூக்களில் தூசி படிந்து ரோஸ்வித்தா பார்த்ததில்லை. விட்டுப் போனவர்களின் பொருள்கள் அப்படித்தான் போலும், தூசியைக்கூட வேண்டாம் என்று சொல்லிவிடும் என்று அவள் இரண்டு வருஷமாக நம்பியிருந்தாள்.

"எதுக்கு தொடைச்சீங்க?"

"படிக்கட்டுல இருக்கிற சாமான். தூசி ஏற விடலாமா?" மைலே அம்மா வேறு பக்கம் பார்த்தாள். "அதோட, காலையில கதவைத் திறந்ததும் நீங்க மொதல்ல பாக்குறது அதைத்தானே. அதுவாவது சுத்தமா இருக்கட்டுமேன்னுதான்."

பிறகு அந்த அம்மா சன்னலை ஒருமுறை பார்த்தாள், அதற்குப் பின்னால் இருந்த வானத்தைப் பார்த்தாள், விரலால் எதையும் தொடாமல் "ஆச்சு" என்றாள்.

கோட்டை மூச்சு விட்டது. கீழே வாசலில் பலகை தானாகக் கழன்று, இறங்கி வந்த ரோஸ்வித்தாவின் கையில் விழுந்தது. கற்கள் தங்கள் பழைய இடங்களுக்கு இறங்கின. சாயங்காலம் ஆகிவிட்டிருந்ததால் சத்தமில்லாமல் இறங்கின. வடக்குக் கோபுரம், வார வேலை முடிந்து சோபாவில் சாய்கிற ஆள் மாதிரி, அகழியில் மெல்ல மல்லாந்தது. அடுத்த முறை ரோஸ்வித்தாவுடையது. அவள் படியைப் பெருக்கி முடித்து, ஷூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு மலையேறி, அகழிக்குள் வீசிவிட்டு வந்தாள்.

ஆனால் முறை என்று ஒன்று வந்துவிட்டால் போகாது. அதற்குப் பிறகு அந்தப் பலகை நான்கு கதவுகளோடு கோட்டை வாசலுக்கும் போய் வருகிறது. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வைலர்பர்க் கோட்டை எழுந்து, முழுசாகி, சனிக்கிழமை மைலே அம்மா வந்து சொன்னதும் மறுபடி இடிந்துகொள்கிறது. அந்த வாரம் மட்டும் நுழைவுச் சீட்டு பாதி விலை, பார்ப்பதற்கு விசேஷமாக ஒன்றும் இல்லை என்பதால். சன்னலுக்குப் பின்னால் மட்டும் கோட்டை இன்றுவரை அறை கட்டவில்லை. விளிம்பில், கோட்டையே அகழியிலிருந்து பொறுக்கி, துடைத்து, பளபளப்பாக ஜோடி சேர்த்து வைத்த பழுப்பு நிற ஷூக்கள் இருக்கும். அவை யாருடையவை என்று வெளியூர்க்காரர்கள் தவறாமல் கேட்பார்கள்.

"முன்னாடி இங்க இருந்தவரோடதுங்க" என்பாள் ரோஸ்வித்தா. யாரோ ஒரு பிரபு என்று நினைத்து அவர்கள் படம் எடுத்துக்கொள்வார்கள். "வாங்க, படி பாத்து. இப்பத்தான் பெருக்கியிருக்கு."